கண்டறிந்தவர்: அம்சவல்லி

செய்தி வந்தபோது மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். நம் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் உதிரிபாக ஸ்டோரில் இருக்கும் ரஃபி போட்டிருந்தார்: "நம்முடன் பணிபுரிந்த திருமதி அம்சவல்லி இன்று காலை காலமானார்." ஒரு கையில் கரண்டி. மறு கை விரலால் "யாருங்க இது?" என்று தட்டி அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் படம் வந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் சுற்றிய தண்ணீர்க் குழாய், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் அம்சா அக்கா. என் கேள்வியை அழித்தேன். அதற்குள் ஏழெட்டுப் பேர் பார்த்திருந்தீர்கள். பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்து வருடம் கூடவே வேலை செய்தவரின் முழுப் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு எழுதுகிறேன். வீட்டில் சின்னக் குழந்தை என்று காரணம் சொன்னால் நம்புவீர்கள். ஆனால் அம்சா அக்கா விஷயத்தில் நான் தாமதித்தது இது முதல் தடவையல்ல. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவரை அறியாதவர்கள் கையிலும் இது போய்ச் சேரலாம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் பட்டறை பூந்தமல்லியில், நெடுஞ்சாலையை ஒட்டி, மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் இருக்கிறது. விலை உயர்ந்த கார்கள், அதிலும் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பழுது பார்க்க வருகிற இடம். நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு அங்கே சர்வீஸ் அட்வைசராகச் சேர்ந்தவள். வண்டிக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவதும், மெக்கானிக்குகளோடு பேசி என்ன பழுது என்று முடிவு செய்வதும் என் வேலை. அம்சா அக்கா வண்டி கழுவும் பகுதியில் இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. காலையில் வேப்பம்பட்டில் ரயிலேறி, ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்து, நம் எல்லோருக்கும் முன்னால் வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு நிற்பார்.

எண்ணெய்க் கசிவு என்று ஒரு வண்டி வந்தால் முதலில் இன்ஜினைக் கழுவத்தான் வேண்டும். எண்ணெயும் புழுதியும் அப்பிய இன்ஜினில் எல்லா இடமும் ஒழுகுவது போலத்தான் தெரியும். கழுவி, காயவைத்து, ஓட்டிவிட்டு வந்து, புதிதாக எங்கே ஈரம் என்று பார்க்க வேண்டும். ஆகவே அந்த இன்ஜினை அதன் அழுக்கோடு, வந்தது வந்தபடி கிட்டத்தில் பார்க்கிற கடைசி ஆள், கழுவுகிறவர்தான். அவர் என்ன பார்த்தார் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை.

மஞ்சள் கார் உங்களுக்கு நினைவிருக்கும். அம்பத்தூர் கண் டாக்டருடையது. இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் வண்டி. சிக்னலில் நின்றால் தீய்ந்த வாடை வருகிறது, நிறுத்தும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கறை விழுகிறது என்று கொண்டுவந்தார். அன்று கழுவும் இடத்தில் நடந்த பேச்சு எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"மேடம், கழுவிடட்டா?"

"கழுவிடுங்கக்கா. அவசரம்."

"ஒரு நிமிசம் இத்தப் பாத்துட்டுப் போயேன். கீழ கீற எண்ணெய் கறுப்பா, மண்ணு ஒட்டிகினு கீது. மேல மூடியாண்ட கீறது தேன் கலர்ல கீது. இப்பதான் வந்துகினு கீது."

"பழைய வண்டிக்கா. அங்கங்க கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்."

"ஒரு எடத்துல ஒழுகுனா அந்த எடம் கெட்டுப்பூட்ச்சின்னு சொல்லலாம். நாலு எடமும் ஒண்ணா சொல்லி வெச்சிகினா கெடும்?"

"நீங்க கழுவுங்கக்கா."

நான் கோபமாகச் சொல்லவில்லை. வேலை இருக்கிறவள் வேலை இல்லாத பேச்சை முடிக்கிற குரலில் சொன்னேன். அது கோபத்தைவிட மோசம்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு தொங்கியது. உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் போய்விட்டது என்று சொன்னேன். ஃபோர்மன் பாஸ்கர் அண்ணன் தலையாட்டினார் என்றாலும் முடிவு என்னுடையது. கியர் பாக்ஸை இறக்கி, புது சீல் போட்டு, மறுபடி ஏற்ற இரண்டு முழு நாட்கள் ஆயின. பளபளவென்று அனுப்பிவைத்தோம். பத்தாம் நாள் வண்டி திரும்பி வந்தது. அதே வாடை, அதே சொட்டு.

டாக்டர் சத்தம் போடவில்லை. "சிக்னல்ல நிக்கறப்ப பின்னாலேர்ந்து புகையே வருதும்மா. என் பையனை இதுலதான் ஸ்கூலுக்கு விடறேன்" என்றார். சூடான சைலன்சர் மேல் எண்ணெய் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். மகப்பேறு விடுப்புக்கு எழுதிக் கொடுத்த தாளில் மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இந்த வண்டி திரும்பி வந்தா, நீங்க இந்த சீட்ல இருக்கணுமான்னு யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். வெளியே வந்து கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

எண்ணெயில் சாயம் கலந்து ஓட்டிவிட்டு வந்து நீல விளக்கை அடித்தால், கசியும் இடம் பச்சையாக ஒளிரும். அடித்தோம். நான்கு இடங்களில் பச்சை.

"இது இன்னா இன்ஜினா, கல்யாண ஊட்டு சீரியல் செட்டா?" என்றார் பாஸ்கர் அண்ணன். நான்கு சீல்களையும் மாற்றுவதென்றால் இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். பக்கத்து மேடையில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்சா அக்கா அங்கிருந்தே கேட்டார்.

"அண்ணாத்தே, குக்கர் விசில்ல பருப்பு அடைச்சிகினா இன்னா ஆவும்?"

"சோறு லேட்டாவும்."

"மூடியச் சுத்தி ஒழுகும். அப்ப நீ காஸ்கெட்ட மாத்துவியா, விசில ஊதிப் பாப்பியா?"

பாஸ்கர் அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்சா அக்கா ஈரக் காலோடு வந்து, "வண்டிய ஸ்டார்ட் பண்ணு" என்றார். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினார். தன் இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை ஒன்றைக் கழற்றி உதறி, அந்த வாயில் மாட்டி, மணிக்கட்டுப் பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நல்ல இன்ஜின் என்றால் கையுறை லேசாக உள்ளே இழுபடும், அல்லது சும்மா கிடக்கும். இது மெல்ல அசைந்தது. முதலில் கட்டைவிரல் நிமிர்ந்தது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. ஐந்து விரலும் விறைத்து, இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து நின்றது.

"டேய், வண்டி டாட்டா காட்டுதுடா!" என்று பாஸ்கர் அண்ணன் கத்தினார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஓடும் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் சேரும். அது வெளியேற பிரீதர் என்று ஒரு வழி உண்டு. அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் அழுத்தம் எந்த சீல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று. இதைப் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பிரீதர் குழாயைக் கழற்றியபோது உள்ளே பாலாடை போல ஒரு கசடு. வீட்டிலிருந்து பள்ளிக்கும் கிளினிக்குக்கும் என்று குட்டிக் குட்டித் தூரமே ஓடும் வண்டி, இன்ஜின் முழுதாகச் சூடேறி ஈரத்தை விரட்டுவதற்குள் நின்றுவிடுகிறது; அந்த ஈரம் எண்ணெயோடு கலந்து இப்படி உறைகிறது. முதல் நாளே அதைத் திறந்து பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

பிரீதரை மாற்றி, மறுபடி கழுவி, கசிந்த இடங்களில் அம்சா அக்கா தன் கைப்பையில் இருந்த முகப்பவுடரைத் தூவினார். எண்ணெய் கசிந்தால் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவு தாழ்ந்த இருக்கையில் வயிற்றோடு என்னால் உட்கார முடியாது. "அம்சா, ஏறு" என்றார் பாஸ்கர் அண்ணன். இப்படி எத்தனையோ கார்களைக் கழுவியவர் அன்றுதான் ஒன்றில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு. திருமழிசை வரை போய்த் திரும்பினார்கள். பவுடர் வெள்ளையாக, உலர்ந்து, அப்படியே இருந்தது.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"தரையில குந்திகினு போற மாதிரி கீது. பக்கத்துல லாரி டயரு நம்ம தலைக்கு மேல சுத்துது. இதுக்கா இவ்ளோ ஆசப்படறானுங்கோ?"

இதுவரை உங்களில் பலர் பார்த்தது. இனி நான் சொல்லப்போவது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

ஜாப் கார்டில் 'பழுதைக் கண்டறிந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டிய நேரத்தில் கழுவும் இடத்துக்குப் போனேன். "உங்க பேரைப் போடறேன்க்கா" என்றேன். அவர் குழாயை நிறுத்தினார்.

"வாஷிங்ல கீறவ பேரப் போட்டா, 'அப்ப நீ இன்னா பண்ணே'ன்னு மேனேஜரு உன்னத்தான் கேப்பாரு. வயித்துல புள்ளைய வெச்சிகினு அதெல்லாம் வோணாம் கண்ணு. உன் பேரையே போடு."

மற்றவர்கள் முன்னால் மேடம், தனியாக இருந்தால் கண்ணு. கொஞ்ச நேரம் கையுறையில் இருந்த தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"புள்ள பெத்துகினு திரும்பி வந்தப்புறம் சொல்லு. அப்ப லிஃப்டாண்ட எனக்கு ஒரு எடம் கேளு. தண்ணியிலயே நின்னு நின்னு காலு ஊறிப்பூட்ச்சி."

தலையாட்டினேன். கட்டத்தில் என் பெயரை எழுதினேன். விடுப்புத் தாளில் கையெழுத்து விழுந்தது. டாக்டர் எழுதிய பாராட்டுக் கடிதம் வந்தது, அந்த மாதம் சுவரில் என் படம் மாட்டினார்கள், நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அம்சா அக்காவும் தட்டினார். ரப்பர் கையுறையோடு தட்டியதால் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்த நேரம் நான் கதவைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குழந்தையின் காதிலிருந்து ஏதோ வடிந்து தலையணை நனைந்திருந்தது. சீழ், செவிப்பறை, காது கேட்காமலே போய்விடுவது என்று கைபேசியில் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். "இன்னா கண்ணு, மூஞ்சி பிரீதர் அடைச்ச வண்டி மாதிரி கீது" என்று சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கினார். துணியால் காதையும் கன்னத்தையும் கழுத்தையும் ஒற்றி உலர்த்தினார். வாசற்படியில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொம்மா பாத்துகினு இரு."

"எவ்வளவு நேரம்கா?"

"அது காட்டற வரைக்கும்."

பத்து நிமிடம் இருக்கும். குழந்தை ஒரு சின்ன ஏப்பம் விட்டாள். கடைவாயில் கொஞ்சம் பால் எட்டிப்பார்த்து, கன்னத்தில் கோடாக இறங்கி, காது மடலில் தேங்கியது. அம்சா அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "காதுக்குள்ள பால் பூடாம துடைச்சி வுடு. நாளிக்கு டாக்டராண்டயும் காட்டிடு" என்று மட்டும் சொன்னார். தான் கேட்டிருந்த இடத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் எல்லாம் புதிதாக இருந்தது. அடுத்து மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. பிறகு மகளுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். பிறகு வருடாந்திர மதிப்பீடு முடியட்டும் என்று இருந்தேன். உண்மை என்னவென்றால், பயம். சொன்னால் முதல் தடவை கியர் பாக்ஸை வீணாக இறக்கியதிலிருந்து சொல்ல வேண்டும். சுவரில் இருக்கும் படத்திலிருந்து சொல்ல வேண்டும். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்த நாற்காலி ஆட்டம் காணக்கூடாது. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

அம்சா அக்கா ஒரே ஒரு முறைதான் பேச்சை எடுத்தார். "லிஃப்டாண்ட புதுசா ஆள் எடுத்துகிறாங்களாமே?" என்றார். "ஆமாக்கா" என்றேன். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது ஒரு மழை நாளில். முகம் சிவந்து கண் உள்ளே போயிருந்தது. "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றேன். "நனைஞ்சிகினு வந்தேன். மாத்திரை போட்டுகினேன்" என்றார். மகளின் நெற்றியை அரை மணிக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்கிற நான், நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் அவர் நெற்றியில் கை வைக்கவில்லை. போன் அடித்தது, போய்விட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. டெங்கு என்று கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் காலை ரஃபியின் செய்தி வந்தது.

வேப்பம்பட்டுக்கு நாம் வேனில் போனோம். அவர் மகள் கீர்த்தனா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள், கூட்டத்தில் என்னைத் தேடி வந்தாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆண்ட்டி, அம்மா அங்க லீக்கு கண்டுபுடிக்கிறவங்கதானே? மாமா, வண்டி கழுவுறதுதான் வேலைன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. மஞ்சக் கார் கதைய அம்மா என்னாண்ட நூறு வாட்டி சொல்லிகீது. கையுறை எழுந்து நின்னுச்சாம். பொய்யா அது?"

"பொய் இல்லம்மா."

"மாமா நம்ப மாட்டாரு. எங்கனா எழுதி கீதா ஆண்ட்டி?"

எழுதி இருக்கிறது. என் பெயரில். அவளிடம் அதை நான் சொல்லவில்லை. பாஸ்கர் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார், அவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பழைய கோப்பிலிருந்து அந்த ஜாப் கார்டை எடுத்தேன். பாஸ்கர் அண்ணனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கியர் பாக்ஸிலிருந்து, கழுவும் இடத்தில் தலையாட்டியதுவரை. அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப இதை மாத்தி என்ன ஆகப்போகுது?" என்றார்.

"அவங்க பொண்ணு கேக்குது சார்."

ஜாப் கார்டில் ஒன்றைத் திருத்தினால் மை பூசி மறைக்கக்கூடாது என்பது நம் வழக்கம். பழையது படிக்கும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். என் பெயரை அடித்தேன். பக்கத்தில் 'அம்சவல்லி' என்று எழுதினேன். நான் கையெழுத்திட்டேன், பாஸ்கர் அண்ணனும் போட்டார். மேனேஜர் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து போட்டார். சுவரில் இருந்த என் படத்தை நானே கழற்றினேன். ஏன் அந்த ஆணி வெறுமையாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

காரியத்தன்று அதன் நகலைக் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு தனியாக வந்து, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அடிச்சிருக்கறது யாரு பேரு ஆண்ட்டி?"

"என் பேரு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா இத்தச் சொல்லவேல்லியே" என்றாள்.

நூறு முறை சொன்ன கதையில் ஒரு முறைகூட அம்சா அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. லிஃப்டுக்குக் கீழே, காய்ந்த தரையில், ஒரு நாளாவது அவர் நின்றிருக்க வேண்டும். அதை இனி எந்தக் கார்டிலும் திருத்த முடியாது.

கழுவும் இடத்துக் கொக்கியில் அவருடைய கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கீர்த்தனாவுக்குக் கொடுத்தேன். இன்னொன்று, இடது கை, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மகளுக்கு ஏதாவது என்றால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. துடைத்துவிட்டு, அது காட்டுகிறவரை பார்த்துக்கொண்டிருக்க முயல்கிறேன். சில நாள் முடிகிறது.

நேற்று ஒரு வண்டி கசிவோடு வந்தது. கழுவும் இடத்துக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார். குழாயைத் திறக்கப் போனார். "கொஞ்சம் இருங்க, என்ன தெரியுதுன்னு முதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பேர் என்ன என்று கேட்டேன்.

"மல்லின்னு கூப்புடுவாங்க மேடம்."

"முழுப் பேரு?"

சொன்னார். எழுதிக்கொண்டேன்.